கத்தரிக்கோலைப் பெண்கள் கையில் தந்த காகிதம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்க உரையின் எழுத்து வடிவம்)



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் ஒப்பந்தங்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மிகச் சிறியது. உள்ளங்கையில் மடித்து வைக்கக்கூடிய ஒரு மெல்லிய காகிதம். ஓர் உறைக்குள் அடங்கிவிடும். ஆனால் கடந்த 160 ஆண்டுகளில் கோடிக்கணக்கான பெண்கள் இந்தக் காகிதத்தைத் துணியின்மேல் விரித்து, குண்டூசியால் குத்தி, அதன் ஓரமாக வெட்டித் தங்களுக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் உடை தைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் இதனை 'பேட்டர்ன்' என்கிறார்கள். நாம் மாதிரித் தாள் என்று சொல்லலாம்.

ஒரு காகிதத்திற்கு அப்படி என்ன வரலாறு இருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை சொல்லத்தான் இந்த உரை.

வெட்டுதான் வித்தை

தையல் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தைப்பது கடினமா, வெட்டுவது கடினமா? வெட்டுவது என்றுதான் சொல்வார்கள். தவறாகத் தைத்தால் பிரித்துவிடலாம். தவறாக வெட்டிய துணியை ஒட்டவைக்க முடியாது. காசு கொடுத்து வாங்கிய துணி அத்தோடு போயிற்று. ஆகவே, ஆடைத் தொழிலில் மதிப்பும் கூலியும் பெரும்பாலும் கத்தரிக்கோல் பிடித்தவருக்கே சென்றன. ஊசி பிடித்தவர் அவருக்கு அடுத்த படியில்தான் இருந்தார்.

ஐரோப்பாவில் இந்த வித்தையைத் தையற்காரர் சங்கங்கள் பல நூற்றாண்டுகள் கட்டிக்காத்தன. பல ஆண்டுகள் பழகுநராக இருந்தவருக்கே அது கைவரும். 1580ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் மட்ரிட் நகரில் உவான் டி அல்செகா என்னும் தையற்கலைஞர் ஒரு நூல் வெளியிட்டார். துணி வீணாகாமல் ஆடையின் பகுதிகளை எப்படி அடுக்கி வெட்டுவது என்பதைச் சிறு சிறு படங்களாக அதில் வரைந்திருந்தார். ஆயினும் அப்படங்களைப் பெரிதாக்கி, ஒருவரின் உடலுக்குப் பொருத்தத் தெரிந்தவர் தையற்காரர்தான். வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அந்நூலால் பெரிய பயன் இருந்திருக்க முடியாது.

பாரிஸ் நகரில் நிலைமை இன்னும் தெளிவாகத் தெரியும். பெண்களுக்கான உடையைப் பெண்களே தைத்து விற்கும் தனிச் சங்கத்திற்குப் பதினான்காம் லூயி மன்னர் 1675இல்தான் அனுமதி தந்தார். அப்போதும் விறைப்பான மேலுடை தைக்கும் உரிமையை ஆண் தையற்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பெண் உடுத்தும் உடையை யார் வெட்டுவது என்பதே ஒரு வழக்காக இருந்த காலம் அது.

இயந்திரம் வந்தது, சிக்கல் தீரவில்லை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தையல் இயந்திரம் வந்தது. 1830இல் பிரெஞ்சுக்காரரான பார்த்தலெமி திமோனியே காப்புரிமை பெற்றார். பாரிஸில் ஏறத்தாழ 80 இயந்திரங்களை வைத்து இராணுவ உடைகள் தைக்கத் தொடங்கினார். பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் திரண்டு வந்து அவற்றை அடித்து நொறுக்கினார்கள். பிறகு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இலும், ஐசக் சிங்கர் 1851இலும் காப்புரிமை பெற்றனர்.

இங்கே ஒரு சுவையான செய்தி. இயந்திரங்களைக் கடுமையாக விமர்சித்த காந்தியடிகள், 1924இல் நடந்த ஓர் உரையாடலில் சிங்கர் தையல் இயந்திரத்திற்கு மட்டும் விதிவிலக்குத் தந்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைப்பதைக் கண்ட சிங்கர், அன்பினால் அதனை உருவாக்கினார் என்பது அவர் சொன்ன காரணம். உண்மையில் சிங்கர் அப்படிப்பட்ட கணவர் அல்லர். பாஸ்டன் நகரப் பட்டறை ஒன்றில், பழுதுக்கு வந்த வேறொருவரின் இயந்திரத்தைப் பார்த்து, அதைவிடச் சிறப்பாகச் செய்யலாம் என்று இறங்கியவர் அவர். கணவர் வருமானம் போதாமல் கூலிக்குத் தைத்த மனைவி, எலியாஸ் ஹோவின் மனைவியே. எப்படியோ, காந்தியடிகள் சொல்ல வந்த கருத்து மாறவில்லை. ஒரு வீட்டின் சுமையைக் குறைக்கும் கருவிக்கு அவர் எதிரியல்லர்.

அந்தச் சுமை எவ்வளவு? 1860களின் தொடக்கத்தில் வீலர் அண்ட் வில்சன் நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது. ஆண்கள் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடம். இயந்திரத்தில் 1 மணி 16 நிமிடம். சாதாரணப் பருத்தி உடைக்குக் கையால் 6 மணி 37 நிமிடம். இயந்திரத்தில் 57 நிமிடம். விற்பவர் சொன்ன கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனாலும் வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

விலையும் ஒரு தடையாக இருந்தது. அதற்கும் சிங்கர் நிறுவனம் 1856இல் வழி கண்டது. முன்பணம் கொஞ்சம் கட்டி, மீதியை மாதந்தோறும் செலுத்தும் தவணை முறைதான் அது. பின்னாளில் நம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதே தவணை முறையில் சிங்கர் இயந்திரம் வாங்கிய குடும்பங்கள் ஏராளம். அந்த இரும்புக் கால்கள் இன்று காப்பிக் கடை மேசைகளைத் தாங்கி நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

சரி, இயந்திரம் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் எதைத் தைப்பது? தைக்குமுன் வெட்ட வேண்டுமே! அந்தக் கேள்வி அப்படியே நின்றது. பெண்கள் ஒரு பழைய உடையைப் பிரித்து, அதன் துண்டுகளைப் புதுத் துணியில் வைத்து வெட்டினார்கள். மாத இதழ்களில் ஆடையின் சிறு வரைபடம் வரும். அளவு எதுவும் இராது. அதை எப்படிப் பெரிதாக்குவது என்பது வாசகியின் பாடு. நியூயார்க்கில் எல்லன் டெமொரெஸ்ட் என்னும் பெண்மணி 1860இல் தொடங்கிய இதழில், மெல்லிய தாளில் முழு அளவு மாதிரியையே சேர்த்து அனுப்பினார். அது பெரிய முன்னேற்றம். எனினும் ஒரே ஓர் அளவில்தான் வந்தது. எல்லாப் பெண்களும் ஒரே அளவா?

ஸ்டெர்லிங் ஊர்த் தையற்காரர்

விடை, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்னும் சிற்றூரிலிருந்து வந்தது. அங்கே எபனீசர் பட்டரிக் என்னும் தையற்காரர் இருந்தார். அவர் நிறுவனம் வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது. குளிர்கால நாளொன்றில் அவருடைய மனைவி எல்லன், கட்டம் போட்ட பருத்தித் துணியைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, கைக்குழந்தைக்குச் சட்டை வெட்ட முனைந்தார். பிள்ளையின் அளவிலேயே ஒரு மாதிரித் தாள் கிடைத்தால் எவ்வளவு எளிதாக இருக்கும் என்று கணவரிடம் சொன்னார். கணவர் தொழில் தெரிந்தவர். அளவுக்கு அளவு மாதிரி வரைவது தையற்கடைகளில் பழக்கமானதே. அதை வீட்டுக்காரர்களுக்கும் விற்றால் என்ன என்று அவர் யோசித்தார். 1863இல் விற்பனை தொடங்கியது.

அளவு மாற்றுவது எளிய வேலையன்று, நேயர்களே. ஒரு படத்தை அப்படியே பெரிதாக்கினால் போதாது. மார்பு அளவு 2 அங்குலம் கூடினால், கழுத்தும் தோளும் அதே 2 அங்குலம் கூடுவதில்லை. குழந்தையின் தலை பெரிது, கைகால் சிறிது. வளர வளர அந்த விகிதமே மாறிவிடுகிறது. எந்த இடம் எவ்வளவு கூடும் என்பது தையற்காரரின் அனுபவ அறிவு. பட்டரிக் அந்த அறிவைக் காகிதத்தில் இறக்கினார். சங்கங்கள் காத்துவந்த வித்தை இப்போது சில்லறைக் காசுக்குக் கிடைத்தது.

முதலில் அவர் கெட்டியான அட்டையில் வெட்டிப் பார்த்தார். மடிக்கவும் முடியவில்லை, அஞ்சலில் அனுப்பவும் முடியவில்லை. பிறகு மெல்லிய தாளுக்கு மாறினார். எடை குறைந்தது, பல அடுக்காக ஒரே வெட்டில் வெட்டவும் முடிந்தது. வீட்டார் கூடி மடித்து உறையில் இட்டார்கள். முதலில் ஆண்கள், சிறுவர்கள் உடைகள். 1866இலிருந்து பெண்கள் உடைகள். அதற்குள் அவர் நியூயார்க்கில் கடை திறந்துவிட்டார். 1870களின் தொடக்கத்தில் ஆண்டுக்குப் பல மில்லியன் தாள்கள் விற்றன. இலண்டன், பாரிஸ், பெர்லின், வியன்னா நகரங்களிலும் கிளைகள் தோன்றின. 1870இல் ஜேம்ஸ் மெக்கால் என்னும் இன்னொரு தையற்காரரும் போட்டிக்கு வந்தார்.

எண்ணிப் பாருங்கள். நகரத்திலிருந்து பல நூறு மைல் தள்ளியிருக்கும் பண்ணை வீடு. தையற்கடையே இல்லாத ஊர். அங்கிருக்கும் பெண் கடிதம் எழுதிக் காசு அனுப்பினால், நியூயார்க்கில் அந்தப் பருவத்தில் உடுத்தும் உடையின் வெட்டு அஞ்சலில் வந்து சேரும். உடையைப் பார்த்து இவர் பணக்காரர், இவர் ஏழை என்று தரம் பிரித்த ஒரு சமுதாயத்தில் இது சிறிய காரியமா?

துளைகளைப் படித்த விரல்கள்

அந்தக் காலத்துத் தாளில் ஓர் எழுத்தும் அச்சாகியிருக்காது. வெறும் வெள்ளைத் தாள். பெரிய துளை, சிறிய துளை, ஓரத்தில் முக்கோண வெட்டு, இவைதான் மொழி. எந்த ஓரத்தை எந்த ஓரத்தோடு சேர்ப்பது, எங்கே மடிப்பது, துணியின் நூல் ஓட்டம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் துளைகளை வைத்தே அறிய வேண்டும். நூல் ஓட்டம் கோணலானால் தைத்த உடை உடலில் முறுக்கிக்கொள்ளும் என்பது தைப்பவர்களுக்குத் தெரியும். 1920ஆம் ஆண்டையொட்டி மெக்கால் நிறுவனம் தாளிலேயே கோடுகளையும் குறிப்புகளையும் அச்சிடத் தொடங்கியது. தனிச் செய்முறைத் தாள் சேர்க்கும் வழக்கமும் அக்காலத்தில்தான் வந்தது. அதன் பிறகு, சொல்லித்தர ஆள் இல்லாதவரும் துணிந்து கத்தரி எடுக்க முடிந்தது.

1927இல் சிம்பிளிசிட்டி நிறுவனம் தோன்றியது. மற்றவர்கள் 25 காசும் அதற்கு மேலும் வாங்கியபோது, 15 காசுக்குத் தாள் விற்றது. இரண்டே ஆண்டில் உலகப் பொருளாதாரம் சரிந்தது. கடையில் உடை வாங்க வழியற்றுப் போன குடும்பங்களுக்கு அந்த 15 காசு பெரிய துணையாயிற்று. மாவும் கால்நடைத் தீனியும் வந்த பருத்திச் சாக்குகளை அமெரிக்கப் பண்ணைப் பெண்கள் துவைத்து உடை தைத்தார்கள். இதைக் கண்ட ஆலைக்காரர்கள் சாக்கிலேயே பூப்போட்ட அச்சுப் பதித்து விற்றார்கள். ஒரு பெண்ணின் உடைக்கு மூன்று சாக்குத் தேவைப்பட்டது. ஒரே பூவில் மூன்று சாக்குக் கிடைக்க, தீனி வாங்கப் போகும் கணவரிடம் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது.

போர்க்காலத்தில் பிரிட்டனில் 1941 ஜூன் முதல் தேதி துணிக்குப் பங்கீடு வந்தது. முதலாண்டில் பெரியவர் ஒருவருக்கு 66 கூப்பன். கம்பளி உடை ஒன்றுக்கு 11 கூப்பன் போய்விடும். பழைய திரைச்சீலையும் கணவரின் கால்சட்டையும் பிள்ளைகளின் உடைகளாக மாறின. இப்பங்கீடு 1949 வரை நீடித்தது. அதே ஆண்டுகளில் நம் மண்ணில் ஜப்பானியர் ஆட்சி நடந்ததை மூத்த தலைமுறையினர் மறக்கவில்லை. தோட்டங்களில் நம்மவர்கள் சாக்கையே உடுத்தினார்கள். அமெரிக்கச் சாக்கில் பூ இருந்தது; இங்கிருந்த சாக்கு முரட்டுச் சணல். வறுமையிலும் வேறுபாடு உண்டு.

ஓஃபன்பர்க் நகரின் கோட்டுத் தாள்

போர் முடிந்த ஜெர்மனி இடிபாடுகளில் கிடந்தது. ஓஃபன்பர்க் நகரில் அன்னே புர்டா என்னும் பெண்மணி 1950 ஜனவரியில் 'புர்டா மோடன்' இதழைத் தொடங்கினார். முதல் இதழ் 100,000 பிரதிகள். 1952 முதல் இதழுக்குள்ளேயே மாதிரித் தாள் வந்தது. ஆடைக்கு ஒரு தாள் வைத்தால் கட்டுப்படியாகாது. எனவே ஒரே பெரிய தாளில் பல உடைகளின் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, வெவ்வேறு நிறத்திலும் புள்ளிக் கோட்டிலும் அச்சிட்டார்கள். பார்த்தால் இரயில் பாதைகள் பின்னிக்கிடப்பது போல இருக்கும். உங்களுக்கு வேண்டிய கோட்டை மட்டும் வேறு தாளில் படியெடுக்க வேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் ஓர் இதழ் விலையில் பல உடைகள். 1987இல் சோவியத் நாட்டிலும் ரஷ்ய மொழியில் இவ்விதழ் வெளிவந்தது. கடை அலமாரிகளில் விரும்பிய உடை கிடைக்காத பெண்கள் அதனைக் கைமாற்றிக் கைமாற்றிப் படியெடுத்தார்கள்.

யாருடைய அளவு?

இப்போது ஒரு கசப்பான பக்கத்தையும் பார்ப்போம். 1939, 1940ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வேளாண் துறை, பெண்களின் உடலளவை ஆராய்ந்தது. 14,698 பெண்களின் அளவுகளைக் கணக்கில் எடுத்து 1941இல் அறிக்கை வந்தது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள் மட்டுமே. ஆயத்த ஆடைகளுக்கான 1958ஆம் ஆண்டுத் தர அளவுகளுக்கு அந்த ஆய்வு ஓர் அடிப்படையானது. 'சராசரி உடல்' என்று சொல்லப்பட்டதில் உலகின் பெரும்பாலான பெண்கள் இல்லை.

மாதிரித் தாளும் இந்தக் குறையிலிருந்து தப்பவில்லை. ஆனால் அதில் ஒரு நேர்மை உண்டு. தாளின் இடுப்புப் பகுதியில் இரட்டைக் கோடு போட்டு, நீட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் இங்கே செய்க என்று குறித்திருப்பார்கள். உங்கள் உடல் எங்கள் கணக்கில் அடங்காமல் போகலாம், திருத்திக்கொள்ளுங்கள் என்று அந்தத் தாளே ஒப்புக்கொள்கிறது. கடையில் தொங்கும் ஆயத்த ஆடை அப்படிச் சொல்லுமா? அது பொருந்தாவிட்டால் உடையைக் குறை சொல்லாமல் தன் உடம்பையே குறை சொல்லிக்கொள்ளும் இளம்பெண்கள் எத்தனை பேர்!

நம் வழக்கமோ வேறு. சேலைக்கு வெட்டே கிடையாது. ரவிக்கைக்குக் காகிதம் எடுத்துச் செல்வதில்லை. சரியாகப் பொருந்திய பழைய ரவிக்கை ஒன்றை 'அளவு ரவிக்கை' என்று தையற்காரரிடம் கொடுக்கிறோம். மலாய்க்காரர்களின் பாஜு கூரோங்கும் நேர்த்துண்டுகளை இணைத்து, துணியை வீணாக்காமல் வெட்டும் முறையில் வளர்ந்ததே. ஆயினும் கவுனும் பாவாடையும் பள்ளிச் சீருடையும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டபோது, காகிதத்தில் வரைந்து வெட்டும் முறை இங்கும் வந்தது. சிங்கப்பூரில் மக்கள் கழகத்தின் சமூக மன்றங்களும், மலேசியாவில் கெமாஸ் தையல் வகுப்புகளும் அதனைப் பரப்பின. பழைய நாளிதழை விரித்து, வரைகோலும் பென்சிலும் வைத்து, கழுத்தும் கைக்குழியும் வரையக் கற்ற பெண்கள் தீபாவளிக்கு முன் நள்ளிரவு வரை இயந்திரம் மிதித்துக் குடும்ப வருமானத்தைத் தாங்கினார்கள். அந்தப் பணத்தில் பள்ளிக் கட்டணம் கட்டிய வீடுகள் உண்டு.

மலிவுக்கு யார் விலை கொடுத்தார்?

இன்று நிலைமை தலைகீழ். துணி வாங்கித் தைப்பதைவிட ஆயத்த ஆடையே மலிவு. 2005 ஜனவரியில் உலக ஆடை வணிகத்தின் ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தபின், தைக்கும் வேலை கூலி குறைந்த நாடுகளுக்கு இன்னும் வேகமாகப் பாய்ந்தது. மாதிரித் தாள் நிறுவனங்கள் சுருங்கின. 2001இலேயே பட்டரிக்கும் வோக்கும் மெக்கால் நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தன.

2013 ஏப்ரல் 24ஆம் தேதி. வங்காளதேசத்தின் டாக்கா அருகில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. முதல் நாளே சுவரில் வெடிப்புக் கண்டது. கீழ்த்தளத்துக் கடைகளும் வங்கியும் மூடப்பட்டன. மேல்தளங்களின் ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு வரவேண்டியிருந்தது. 1,100க்கும் அதிகமானோர் மாண்டனர். பெரும்பாலோர் பெண்கள். நாம் மலிவு என்று மகிழ்ந்து வாங்கும் உடையை யாரோ ஒருவர் தைத்திருக்கிறார் என்பதை உலகம் அன்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தது.

வீட்டில் தைத்துப் பழகியவர்களுக்கு அந்த நினைவு எப்போதும் உண்டு. ஒரு கையைப் பொருத்த எவ்வளவு நேரமாகும், ஒரு காலர் நேராக நிற்க எத்தனை முறை பிரிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். பத்து வெள்ளிக்கு ஓர் உடை கிடைத்தால், தைத்தவருக்கு இதில் எவ்வளவு போயிருக்கும் என்று அவர்கள் மனம் தானாகக் கணக்குப் போடும். கைவேலை அறிந்தவருக்கே பிறர் உழைப்பின் மதிப்புத் தெரிகிறது. இதுதான் அந்தக் காகிதம் கற்றுத்தரும் பெரிய பாடம் என்று நான் கருதுகிறேன்.

வாசகர்களே, எல்லாரும் எல்லா உடையையும் வீட்டிலேயே தைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது நடக்கக் கூடியதுமன்று. ஆனால் 2020இல் கொவிட் பரவி முகக்கவசம் கிடைக்காமல் போனபோது, பல நாடுகளில் மக்கள் பரண்மேல் கிடந்த இயந்திரத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். தைக்கத் தெரிந்தவர் அக்கம்பக்கத்தாருக்கும் தைத்துக் கொடுத்தார். மாதிரித் தாளும் இன்று கணினியில் வாங்கி, வீட்டு அச்சுப்பொறியில் எடுத்து, பக்கங்களை ஒட்டிக்கொள்ளும் வடிவுக்கு வந்துவிட்டது. மேசை அதே மேசை, கத்தரிக்கோல் அதே கத்தரிக்கோல்.

உங்கள் வீட்டில் தாயோ பாட்டியோ தைத்தவராக இருந்தால், இந்த வாரம் அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பெண்பிள்ளைகள் மட்டுமல்ல, ஆண்பிள்ளைகளும் உட்காரட்டும். ஒரு பழைய நாளிதழைக் கொடுத்து, ஒரு சட்டை வரையச் சொல்லிக் கேளுங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறது, எங்கே தயங்காமல் வளைகிறது என்று பாருங்கள். அந்த வளைவு எழுதிவைக்கப்படாத அறிவு. கேட்டால்தான் கிடைக்கும்.